காமன் அட்டைகள் மட்டும்: மேஜிக் ஆட்டத்துக்குப் புதியவர்களைக் குறைந்த செலவில் பழக்குதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

மேஜிக்: தி கேதரிங் என்ற சேகரிப்பு அட்டை விளையாட்டுக்குள் புதிதாக வருபவர் விதிகளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே செலவைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். அவரைப் பழக்கிவிட முன்வரும் மூத்த ஆட்டக்காரர் அந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைச் சொல்கிறார். போட்டிகளில் வெல்லும் ஒரு விலையுயர்ந்த கட்டை (ஒருவர் ஆடுவதற்கு அமைத்துக்கொள்ளும் அட்டை அடுக்கை) எடுத்து, அதிலுள்ள விலைகூடிய அட்டைகளை நீக்கிவிட்டு மலிவானவற்றைச் செருகித் தருவது முதல் வழி. விலைகூடிய அட்டைகளுக்கே இடமில்லாத ஓர் ஆட்டமுறையைத் தேர்ந்தெடுத்து, அதில் முழு வலிமை கொண்ட கட்டு ஒன்றை அமைத்துத் தருவது இரண்டாவது வழி. எளிதில் கிடைக்கும் காமன் அட்டைகளை மட்டும் அனுமதிக்கும் பாப்பர் என்ற ஆட்டமுறையை நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அந்த இரண்டாவது வழி ஒரு வழிகாட்டியின் கையில் எப்படிப் பயன்படுகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை இந்த ஆய்வு ஆராய்கிறது.

முதல் வழியின் குறை பணத்தைச் சார்ந்ததாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. மாற்று அட்டைகளால் நிரப்பிய கட்டோடு உட்காரும் புதியவர் தோற்கும்போது, தாம் தவறாக ஆடியதால் தோற்றோமா, கட்டில் இருந்திருக்க வேண்டிய அட்டை இல்லாததால் தோற்றோமா என்பது அவருக்குத் தெரிவதில்லை. தோல்விக்குக் காரணம் தெரியாதவர் அடுத்த ஆட்டத்தில் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. கடைக்குப் போய் இன்னும் சில அட்டைகளை வாங்குவது ஒன்றுதான் அவருக்குத் தோன்றும் பரிகாரம். ஆகவே, தோல்வியின் காரணத்தைப் புதியவர் தாமே படித்தறியும்படி ஆட்டச் சூழலை அமைத்துக் கொடுப்பதே குறைந்த செலவில் பழக்குவதன் மையம் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு. செலவு குறைவது அதிலிருந்து கிடைக்கும் பயன்களில் ஒன்று.

செலவு எங்கிருந்து வருகிறது

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வடிவமைத்த இந்த ஆட்டத்தை 1993-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. 1999-இல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது. தொடக்கத்திலிருந்தே அட்டைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டுகளாக விற்கப்பட்டன. நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த பாக்கெட்டில் 15 அட்டைகள் இருக்கும். அவற்றில் ரேர் (அரிய அட்டை) ஒன்று, அன்காமன் (இடைநிலை) மூன்று, மீதி காமன் (எளிதில் கிடைப்பவை). ஒருவர் சில பாக்கெட்டுகளை மட்டுமே வாங்குவார், வலிமை மிகுந்த அரிய அட்டைகள் ஊருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும், அவற்றை எதிரில் காண்பதே ஒரு வியப்பாக இருக்கும் என்பது கார்ஃபீல்டின் எதிர்பார்ப்பு. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை. முதல் அச்சான ஆல்ஃபாவின் 26 லட்சம் அட்டைகளும் விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன.

பாக்கெட்டை நம்பி ஒரு கட்டை அமைப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 2008-இல் வெளியான ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா தொகுப்பில் 101 காமன், 60 அன்காமன், 53 ரேர், 15 மிதிக் ரேர் அட்டைகள் இருந்தன. மிதிக் ரேர் என்ற நான்காவது நிலை அறிமுகமானதும் இந்தத் தொகுப்பில்தான். ஏறத்தாழ எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றில் ரேருக்குப் பதிலாக மிதிக் வந்தது. குறிப்பிட்ட ஒரு ரேர் அட்டை கிடைக்கச் சராசரியாக 60 பாக்கெட்டுகளைப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டில் ஒரே அட்டையின் நான்கு பிரதிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த நான்கையும் பாக்கெட்டிலிருந்தே பெற நினைப்பவர் 240 பாக்கெட்டுகளுக்கு மேல் வாங்க நேரிடும். அதே தொகுப்பின் ஒரு காமன் அட்டைக்கோ பத்துப் பாக்கெட்டுக்கு ஒன்று என்ற வீதம் பொருந்துகிறது. ஆறு மடங்கு வேறுபாடு இது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட யாரும் பாக்கெட்டைப் பிரித்துக் கட்டு அமைப்பதில்லை. வேண்டிய அட்டையைத் தனியாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். வழிகாட்டி சொல்ல வேண்டிய முதல் சொல்லும் இதுதான்: பாக்கெட்டைப் பிரிப்பது ஒரு பொழுதுபோக்கு, அதற்கென்று ஒதுக்கிய பணத்தில் மட்டும் அதைச் செய்யலாம், கட்டுக்கான பணத்தை அதில் போடக் கூடாது.

தனி அட்டைகளின் விலையையும் நிலையானதாகக் கருத முடியாது. 2007-இல் ஃபியூச்சர் சைட் தொகுப்பில் ரேராக வந்த டார்மோகாய்ஃப் என்ற பச்சை வண்ண உயிரி அட்டை ஒரு காலத்தில் ஒரு பிரதி 100 டாலருக்கு மேல் விற்றது. மறுஅச்சுகள் வந்து, புதிய அட்டைகள் அதை முந்திய பிறகு அதன் விலை அந்த உயரத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. மறுபக்கம், சில பழைய அட்டைகளை இனி ஒருபோதும் மறுஅச்சிடுவதில்லை என்று 1996-இல் நிறுவனம் அளித்த உறுதிமொழியால் அவற்றின் விலை ஏறிக்கொண்டே போனது. புதியவரிடம் ‘இதை வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறும்’ என்று சொல்பவரை நான் நல்ல வழிகாட்டியாகக் கருதுவதில்லை. ஆடத் தெரியாதவருக்கு முதலீட்டு ஆலோசனை சொல்வது இரண்டு வேலையையும் கெடுக்கும்.

பாப்பர் என்ற களம்

பாப்பரின் அடிப்படை விதி ஒற்றை வரியில் அடங்கும். அச்சிலோ மேஜிக் ஆன்லைன் என்ற கணினி வடிவத்திலோ ஒரு முறையாவது காமனாக வெளியான அட்டைகளை மட்டுமே கட்டில் வைக்கலாம். முதன்மைக் கட்டில் குறைந்தது 60 அட்டைகள், ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்வதற்கான சைடுபோர்டில் அதிகபட்சம் 15 அட்டைகள், அட்டைகளை இறக்கச் செலவிடும் மனா என்ற ஆற்றலைத் தரும் அடிப்படை லேண்டைத் தவிர எதிலும் நான்கு பிரதிகளுக்கு மேல் கூடாது என்ற பொது விதிகள் இதற்கும் உண்டு. ஆட்டக்காரர்கள் தாமே ஒழுங்கு செய்துகொண்ட இணையப் போட்டிகளில் உருவான இம்முறையை மேஜிக் ஆன்லைன் 2008 இறுதியில் முறைப்படி ஏற்றுக்கொண்டது. மேசையில் ஆடப்படும் பாப்பருக்கு அந்த அங்கீகாரம் 2019-இல்தான் கிடைத்தது. அதுவரை ஒரு கடை மேஜிக் ஆன்லைனின் பட்டியலைப் பின்பற்றும், இன்னொரு கடை அச்சில் காமனாக வந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளும் என்ற குழப்பம் நீடித்தது. ஒரே கட்டு ஓரிடத்தில் செல்லும், மறு இடத்தில் செல்லாது என்றால், பணத்தை எண்ணிச் செலவிடும் புதியவருக்கு அதைவிடப் பெரிய இடையூறு வேண்டியதில்லை. இரண்டு பட்டியல்களும் 2019-இல் ஒன்றாக்கப்பட்டபோது, அச்சில் மட்டும் காமனாக இருந்த சிங்க்ஹோல், ஹிம் டு டூராக் போன்ற சில கொடிய அட்டைகள் கையோடு தடை செய்யப்பட்டன.

காமன் என்றால் வலிமை குறைந்தது என்ற எண்ணம் புதியவரிடம் ஊன்றியிருக்கும். ஆல்ஃபாவில் கார்ஃபீல்ட் அட்டைகளின் ஐந்து வண்ணங்களுக்கும் ஒவ்வொன்றாக, ஒரு மனா செலவில் மூன்று என்ற எண்ணை மையமாகக் கொண்ட ஐந்து அட்டைகளை அமைத்தார். நீலத்துக்கு மூன்று அட்டை எடுப்பது, கறுப்புக்கு மூன்று மனா பெறுவது, பச்சைக்கு உயிரியின் வலிமையை மூன்று கூட்டுவது, வெள்ளைக்கு மூன்று உயிர்ப்புள்ளி பெறுவது அல்லது மூன்று சேதத்தைத் தடுப்பது, சிவப்புக்கு மூன்று சேதம் விளைவிப்பது. இவற்றில் நீல அட்டை மட்டுமே ரேர். மற்ற நான்கும் காமன். அந்தச் சிவப்பு அட்டையான லைட்னிங் போல்ட், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ரேர் அட்டைகள் தாராளமாக அனுமதிக்கப்படும் பெரிய போட்டிகளில் ஆடப்படுகிறது. இதை எடுத்துக்காட்டிய பிறகு, கையில் இருப்பது ஏழைக்கு ஒதுக்கிய கட்டு என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் விலகிவிடும்.

விலையைப் பொறுத்தவரை, பாப்பரின் பெரும்பாலான கட்டுகள் 100 டாலருக்குள் அடங்கிவிடுகின்றன. மாடர்ன் என்ற ஆட்டமுறையில் பல நூறு டாலர் ஆகும். விதிவிலக்குகளும் உண்டு. 1993-இன் அரேபியன் நைட்ஸ் தொகுப்பில் காமனாக வந்த ஊப்ளியெட் மிகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சானதால், காமன் என்ற பெயருக்குப் பொருந்தாத விலையில் நெடுநாள் இருந்தது. 2020-இல் டபுள் மாஸ்டர்ஸ் தொகுப்பில் மறுஅச்சான பிறகே அது எட்டும் விலைக்கு வந்தது. அரிதுநிலைக்கும் விலைக்கும் உள்ள தொடர்பு அச்சிட்ட எண்ணிக்கையின் வழியாகவே செல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

செலவை மனத்தில் வைத்துப் பார்த்தால், கட்டின் தொடக்க விலையைவிட அது எத்தனை காலம் செல்லும் என்பதே முக்கியம். ஸ்டாண்டர்ட் முறையில் அண்மைக்காலத் தொகுப்புகள் மட்டுமே செல்லும். பழையவை குறிப்பிட்ட இடைவெளியில் வெளியேறும். பாப்பரில் அந்தச் சுழற்சி இல்லை. தடைகள் மட்டும் வருகின்றன. 2019-இல் மாடர்ன் ஹொரைசன்ஸ் தொகுப்பில் காமனாக வந்த ஆர்கம்ஸ் ஆஸ்ட்ரோலாப் அதே ஆண்டு அக்டோபரில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூனில் வந்த சேட்டர்ஸ்டார்ம் செப்டம்பரில் தடையானது. 2014-இல் அன்காமனாக வந்த மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் 2022-இல் காமனாக இறங்கிச் சிவப்புக் கட்டுகளை அளவுக்கு மீறி வேகப்படுத்தி, 2023 டிசம்பரில் தடைப் பட்டியலுக்குப் போனது. 2022 ஜனவரி முதல் விசார்ட்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கேவின் வெர்ஹே தலைமையில், அனுபவமுள்ள பாப்பர் ஆட்டக்காரர்களைக் கொண்ட ஒரு குழு இத்தகைய முடிவுகளைப் பரிந்துரைத்து வருகிறது. தடை எந்த ஆட்டமுறையிலும் எரிச்சலூட்டும். ஆனால் பாப்பரில் அதனால் இழப்பது சில டாலர்கள். கட்டின் மற்ற 56 அட்டைகளும் வேறு வடிவில் உயிர்த்தெழும். ‘இப்போது வாங்கினால் வீணாகிவிடுமா’ என்று தயங்குபவருக்கு வழிகாட்டி நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் இது.

முதல் கட்டு

மலிவான கட்டுகள் எல்லாமே புதியவருக்கு ஏற்றவை ஆகிவிடா. பாப்பரில் புகழ்பெற்ற நீல ஃபேரீஸ் கட்டு இதற்கு நல்ல உதாரணம். கவுன்டர்ஸ்பெல் எதிராளியின் எந்த மந்திரத்தையும் (அவர் இறக்கும் லேண்ட் அல்லாத அட்டையை) ரத்து செய்யும். ஸ்பெல்ஸ்டட்டர் ஸ்ப்ரைட் மேசையில் நம்மிடம் எத்தனை ஃபேரி வகை உயிரிகள் உள்ளன என்பதைப் பொறுத்துச் சிறிய மந்திரங்களை ரத்து செய்யும். நிஞ்சா ஆஃப் தி டீப் அவர்ஸ் தடுக்கப்படாத ஓர் உயிரியைக் கைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் தாக்குதலுக்கு நடுவே நுழையும். எதை ரத்து செய்வது, எதை விட்டுவிடுவது என்பதை முடிவு செய்ய எதிராளியின் கட்டில் இன்னும் என்னென்ன வரக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத புதியவர் முதலில் கண்ணில் பட்ட மந்திரத்தை ரத்து செய்துவிட்டு, அடுத்த சுற்றில் வரும் உண்மையான ஆபத்தின்முன் வெறுங்கையோடு நிற்பார். தோல்வி நிகழ்ந்த சுற்றுக்கும் அதற்குக் காரணமான முடிவை எடுத்த சுற்றுக்கும் இடையே ஐந்தாறு சுற்றுகள் ஓடியிருக்கும். அவ்வளவு தொலைவிலுள்ள காரணத்தைப் புதியவர் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது.

இதனால் முதல் கட்டாக, எதிராளியை நேரடியாகச் சேதப்படுத்தும் சிவப்பு பர்ன் கட்டையே பரிந்துரைக்கிறேன். சேதத்தால் பூஜ்யமாக்க வேண்டிய எதிராளியின் உயிர்ப்புள்ளி 20. லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட் ஆகிய மூன்றும் ஒரு மனாவுக்கு மூன்று சேதம் தருபவை (ரிஃப்ட் போல்டை ஒரு மனாவுக்கு இறக்கினால் சேதம் அடுத்த சுற்றில்தான் விழும்). ஆக, எதிராளி என்பவர் ஏழு அட்டைகளின் தொலைவில் இருக்கிறார். முதலில் ஆடுபவர் நான்காவது சுற்றுக்குள் 10 அட்டைகளைப் பார்த்திருப்பார். 18 லேண்ட் உள்ள கட்டில் அவற்றில் சராசரியாக மூன்று லேண்டும் ஏழு மந்திரங்களும் இருக்கும். மூன்று லேண்டை வைத்து முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் ஒன்று என்று ஏழு மந்திரங்களையும் இறக்கிவிட முடியும், சேதம் 21. நடைமுறையில் எதிராளி உயிர்ப்புள்ளியைக் கூட்டிக்கொள்வார், நம்மைத் தாக்குவார், சில மந்திரங்களை ரத்து செய்வார். கணக்கு இவ்வளவு சீராக வராது. ஆனாலும் இந்தக் கணக்கு கையில் இருந்தால், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் எத்தனை அட்டை குறைந்தது, அது எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்க்க முடிகிறது.

அப்படி எண்ணிப் பார்க்கையில் புதியவர் கண்டுபிடிப்பது ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: மேசைக்கு வந்த ஒவ்வோர் உயிரியின் மீதும் ஒரு லைட்னிங் போல்டை வீசியிருப்பார். எதிரில் உள்ளதை அழிப்பது இயல்பான உந்துதல். வழிகாட்டி அந்த நேரத்தில் ‘தவறு’ என்று சொல்லக் கூடாது; ‘அந்த உயிரி இன்னும் எத்தனை சுற்று உங்களைத் தாக்கியிருக்கும், அதற்குள் நீங்கள் ஆட்டத்தை முடித்திருக்க முடியுமா’ என்று ஆட்டம் முடிந்த பிறகு கேட்க வேண்டும். இரண்டு வலிமையுள்ள உயிரி மூன்று சுற்று தாக்கினால் ஆறு புள்ளி போகும். நமக்கு 20 இருக்கிறது. அதை விட்டுவிடலாம். அதே உயிரி சுற்றுதோறும் எதிராளிக்கு உயிர்ப்புள்ளியைக் கூட்டிக் கொடுக்குமானால் அது நம் போல்டை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. அதை உடனே எரிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் புதியவர் தாமாகச் சொல்லும் நாளில் இந்த ஆட்டத்தின் பாதியைக் கற்றுவிட்டார் என்பேன்.

ஃபயர்பிளாஸ்ட் என்ற 1997-இன் காமன் அட்டை அடுத்த பாடத்துக்கு உதவுகிறது. அதை இறக்க ஆறு மனா வேண்டும். அல்லது மனாவே கொடுக்காமல் மேசையிலுள்ள இரண்டு மலைகளை, அதாவது சிவப்பு மனா தரும் லேண்ட்களை, காவு கொடுக்கலாம். சேதம் நான்கு. லேண்டை இழந்தால் பின்னர் எதையும் இறக்க முடியாது என்பதால், அதை எப்போது பயன்படுத்துவது என்பது ஆட்டம் எப்போது முடியும் என்ற மதிப்பீட்டோடு பிணைந்திருக்கிறது. ஒரு முறை அவசரப்பட்டு இரண்டு மலைகளைக் காவு கொடுத்துவிட்டு, எதிராளி இரண்டு புள்ளியோடு தப்பிப் பிழைத்துத் திருப்பி அடிப்பதைப் பார்த்தவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

குலுக்கலின் பங்கையும் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாத் தோல்வியும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதப்படும். 60 அட்டையில் 18 லேண்ட் உள்ள கட்டிலிருந்து ஏழு அட்டையை எடுத்தால், அதில் லேண்டே இல்லாமலோ ஒன்று மட்டுமோ இருக்கும் வாய்ப்பு 31 சதவீதம். அதாவது பத்துக் கைகளில் மூன்று இப்படித்தான் வரும். 2019 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, அத்தகைய கையைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் ஏழு அட்டை எடுத்து, பிடிக்காத ஒன்றைக் கட்டின் அடியில் வைத்துவிடலாம். புதியவர்கள் ஓர் அட்டையை இழக்க மனமின்றி ஒற்றை லேண்ட் கையை வைத்துக்கொண்டு தோற்கிறார்கள். தோற்ற பிறகு ‘கை சரியில்லை’ என்கிறார்கள். கை சரியில்லாதது குலுக்கலின் செயல், அதை வைத்துக்கொண்டது அவரது முடிவு. சதவீதத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் இந்த இரண்டையும் அவர் குழப்பிக்கொள்வதில்லை. ஒற்றை லேண்ட் கையைச் சில சமயம் பர்ன் கட்டு வைத்துக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் அதைத் தங்கள் ஆட்டத்தில் செய்யட்டும். பழகுபவருக்கு இரண்டு லேண்ட் என்ற வரம்பு நல்லது.

இன்னும் ஒரு நடைமுறை இருக்கிறது. வழிகாட்டி இரண்டு பாப்பர் கட்டுகளைக் கொண்டுவந்து, ஒரு சில ஆட்டங்களுக்குப் பிறகு கட்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிராளியின் கட்டால்தான் தோற்றோம் என்ற ஐயம் அந்தக் கட்டையே கையில் வாங்கி ஆடும்போது தீர்ந்துவிடும். இரண்டும் மலிவானவை என்பதால்தான் இது கைகூடுகிறது. பல நூறு டாலர் மதிப்புள்ள கட்டை முதல் நாளே புதியவர் கலைத்துப் போட யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்

பர்ன் கட்டு பிடிக்குமா என்பது ஆடிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. அதை முடிவு செய்வதற்குள் ஒரு காசும் செலவாகாமல் பார்த்துக்கொள்வது வழிகாட்டியின் கடமை. துண்டுத் தாளில் அட்டையின் பெயரையும் செலவையும் செயலையும் எழுதி, கையிலிருக்கும் ஏதேனும் ஓர் அட்டையின்மேல் வைத்து ஒரே உறைக்குள் செருகிவிட்டால் ஆடுவதற்கு அது போதும். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் இது செல்லாது. ஆனால் வணிக நோக்கமின்றித் தனிப்பட்ட முறையில் ஆடிப் பார்ப்பதற்காக இப்படி எழுதிக்கொள்வதைத் தடுக்கும் எண்ணம் தங்களுக்கு இல்லை என்று 2016-இல் வெளியீட்டு நிறுவனமே தெளிவுபடுத்தியிருக்கிறது. போலியாக அச்சிட்டு உண்மை அட்டை என்று விற்பது முற்றிலும் வேறு; இரண்டுக்கும் உள்ள கோட்டைப் புதியவருக்குத் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும். கையால் எழுதுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. லாவா ஸ்பைக் ஆட்டக்காரரைத் தாக்கும், உயிரியைத் தாக்காது என்பதைத் தாமே எழுதியவர் எளிதில் மறப்பதில்லை.

வாங்கும் நிலை வந்தபின், வழிகாட்டி தம் சேகரிப்பிலிருந்து புதியவருக்கு அட்டை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது என்பது என் கருத்து. கொடுப்பதென்றால் இலவசமாகக் கொடுக்கலாம். அட்டைகளின் மதிப்பை அறியாதவரிடமிருந்து நல்ல அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பகட்டானதைத் தள்ளிவிடும் பழக்கம் இந்த ஆட்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே உண்டு. வழிகாட்டி நேர்மையானவராகவே இருந்தாலும், விலை பேசிய பிறகு அவர் சொல்லும் ஆலோசனையின்மீது ஒரு நிழல் விழும். ‘இந்த அட்டை வேண்டும்’ என்பது பாடமா விற்பனையா என்று கேட்க நேரிடும். காமன் அட்டைகளைப் பொறுத்தவரை அந்தச் சிக்கல் எழத் தேவையே இல்லை. பாக்கெட்டைப் பிரித்து ஆடும் டிராஃப்ட் முடிந்த பிறகு பலர் மேசையிலேயே விட்டுப்போகும் அட்டைகள் அவை. கடைகளில் காமன் அட்டைகள் பெட்டிக் கணக்கில் கிடக்கும். ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுத் துழாவினால் கட்டின் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும். அட்டைகளைப் படித்துப் பழகுவதற்கும் அது நல்ல வழி.

பாப்பர் எங்கே கைவிடுகிறது

இவ்வளவு சொன்ன பிறகும், பாப்பரைப் புதியவர்களுக்கான ஆட்டமுறை என்று நான் சொல்ல மாட்டேன். தடை செய்யப்பட்டவை நீங்கலாக 1993 முதல் காமனாக வந்த எல்லாமே அதில் செல்லும் என்பதால் அட்டைகளின் குவியல் மிகப் பெரியது. பழைய அட்டைகளில் அச்சிட்டிருக்கும் வாசகம் இன்றைய விதிகளோடு பொருந்தாமல், திருத்திய வாசகத்தைத் தனியே தேடிப் படிக்க வேண்டியிருக்கும். பாப்பர் மேசைகளில் உட்காருபவர்களில் கணிசமானோர் பல்லாண்டு ஆடியவர்கள். இத்தாலியில் நடைபெறும் பாப்பர்கெட்டன் போன்ற போட்டிகளுக்குப் பல நூறு பேர் வருகிறார்கள். மலிவு என்பதற்காக மட்டும் அவ்வளவு பேர் திரள்வதில்லை, இந்த முறையின் நுட்பத்துக்காகத் திரள்கிறார்கள். அத்தகைய இடத்துக்குப் புதியவரை அழைத்துச் சென்றால், எதிராளி என்ன செய்தார் என்றே புரியாமல் அவர் தோற்பார். காரணம் படிக்க முடியாத தோல்வி என்ற பழைய சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

ஆகவே முதல் சில வாரங்கள் வீட்டு மேசையிலேயே கழிவது நல்லது. 2020-இல் வந்த ஜம்ப்ஸ்டார்ட் இதற்குப் பயன்படும்: 20 அட்டைகள் கொண்ட இரண்டு பாக்கெட்டுகளைக் கலைத்துச் சேர்த்தால் 40 அட்டைகள் கொண்ட கட்டு தயாராகிவிடும், கட்டு அமைக்கும் அறிவு தேவையில்லை. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு வந்த பிகினர் பாக்ஸும் அதே வழியில், பூனைகளுக்கும் ரத்தக்காட்டேரிகளுக்கும் இடையிலான ஒரு வழிநடத்தப்பட்ட ஆட்டத்தோடு தொடங்குகிறது. விதிகளின் வரிசை, மனா, தாக்குதல், தடுத்தல் ஆகியவற்றை அதில் முடித்துவிட்டு அதன்பின் பாப்பருக்கு வருவதே சரியான வரிசை.

ஒருவரைவிடக் கூடுதலான பேரைப் பழக்க வேண்டியிருந்தால் காமன் அட்டைகளாலான க்யூப் மிகச் சிக்கனமானது. ஒவ்வொன்றிலும் ஒரே பிரதியாக 360 காமன் அட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 15 அட்டை என்று சரியாகப் பங்கிடலாம். அடிப்படை லேண்ட்கள் தனி. ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவருக்குத் தள்ளிக் கட்டை அமைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குத் திரும்பும். செலவு வழிகாட்டிக்கு ஒரே முறை, கற்பவர்களுக்கு எதுவுமில்லை. அதைவிட முக்கியமாக, எல்லோரும் ஒரே குவியலிலிருந்து எடுத்ததால் அட்டையின்மீது பழிபோட வழியில்லை. எடுத்த முடிவுகளை மட்டும் பேச வேண்டியிருக்கிறது. எட்டுப் பேர் கூடுவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே பெட்டியை நான்கு பேருக்கும் பயன்படுத்தலாம்.

சைடுபோர்டு

கட்டு வாங்கும்போதே 15 அட்டை சைடுபோர்டையும் பட்டியலில் உள்ளபடி வாங்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பழகுபவர் அதைத் தள்ளிப்போடுவதே நல்லது. முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் எதிராளிக்கேற்ப மாற்றிக்கொள்வதற்கான அட்டைகள் அவை. எந்தக் கட்டுக்கு எதிராக எதனால் தோற்கிறோம் என்று தெரியாதவருக்கு அவை வெறும் 15 அட்டைகள். நீலக் கட்டு தம் மந்திரங்களை ரத்து செய்வதால் தோற்கிறோம் என்று ஒருவர் தாமே சொல்லும்போது, நீல மந்திரங்களையே ரத்து செய்யும் பைரோபிளாஸ்டை வாங்கலாம்; ஆர்டிஃபாக்ட் (கருவி வகை அட்டை) நிறைந்த கட்டுகளிடம் தோற்பதைக் கவனித்துவிட்டால், ஆர்டிஃபாக்டை உடைத்து அதைக் கட்டுப்படுத்தும் ஆட்டக்காரருக்கும் மூன்று சேதம் தரும் ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸை வாங்கலாம். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டு வாங்கும் அட்டைக்குப் பின்னால் அவர் தோற்ற சில ஆட்டங்கள் இருக்கும். எதிராளி உயிர்ப்புள்ளியைக் கூட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது என்று அவர் கேட்டால், சிவப்புக் காமன்களில் அதற்கு விடை மிகக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்; இரண்டாவது கட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.